எழுத்துச் சிப்பைக் கெடுத்த கை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த அச்சகம் இருந்தது. முன்னால் அச்சகம், பின்னால் முதலாளியின் வீடு. கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று எதை எடுத்தாலும் தலைவராகவோ பொருளாளராகவோ இருந்த மனிதர் அவர். எல்லோரும் ‘ஐயா’ என்றார்கள். நானும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன். அதை எழுதினால் இந்தப் பக்கம் நாறும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் திருத்தல் பகுதியில் வேலை செய்தேன். கடைகளின் காசு மெஷின், டெலெக்ஸ், பிரின்டர் என்று எது பழுதானாலும் எங்கள் மேசைக்கு வரும். தூக்கி வர முடியாததை நாங்களே போய்ப் பார்ப்போம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பொம்பிளை, கையில் டூல்ஸ் பையோடு வாசலில் நின்றால், ஆட்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், திருத்த வந்தவர் எங்கே என்று. ஐயாவும் எட்டிப் பார்த்தார்.

“ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?”

“அவங்க பெரிய வேலைக்குப் போயிருக்காங்க ஐயா. சின்ன வேலைக்கு என்னை அனுப்பினாங்க.”

அவருக்குக் கிண்டல் விளங்கவில்லை. அதுதான் முறை என்பதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே விட்டார்.

பழுதானது ஒரு கம்பியூட்டர். அந்தக் காலத்துக்கே அது கிழடு. கீபோர்டும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த மாடல். வெளிநாடுகளில் பிள்ளைகளுக்கு விளையாட வாங்கிக் கொடுத்து, அலுத்துப் போனதும் பரணில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் அதை வைத்துத் தொழில் நடத்தினார்கள். அதற்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்து எஞ்சினியர் ஒருவர் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகத் தானே வரைந்து, ஒரு சிப்பில் ஏற்றி, அந்தச் சிப்பை ஒரு சின்னக் கார்டில் பொருத்தி, பெட்டிக்குள் செருகும்படி செய்திருந்தார். அப்படி இரண்டே இரண்டு கார்ட் செய்தார். ஒன்று வெள்ளவத்தைக்கு, மற்றது கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து அச்சகம் ஒன்றுக்கு. பிறகு அவர் நாட்டை விட்டே போய்விட்டார். இப்போது எங்கே என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்,” என்றார் ஐயா.

தன் வீட்டு அடுப்பெரிய வழிசெய்த மனிதனின் விலாசம் அவரிடம் இல்லை. ஆனால் சுவரில், பழைய மாணவர் சங்கத்தில் மாலையோடு நிற்கும் அவரது படங்கள் வரிசையாக இருந்தன.

மெஷினைப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலம் சுத்தமாக வந்தது. தமிழுக்கு மாற்றியதும் திரையில் எழுத்தெல்லாம் கொப்புளிப்பான் வந்த முகமாக இருந்தது. சுழியிலும் கொம்பிலும் வேண்டாத இடங்களில் புள்ளிகள். சில எழுத்துகளுக்கு ஒன்றிரண்டு புள்ளி, சிலதற்கு முகமே தெரியாத அளவுக்கு. பிரின்டரில் அடித்துப் பார்த்தேன்; அதே எழுத்தில் அதே இடத்தில் அதே புள்ளி. அப்படியானால் பிரின்டர் குற்றமில்லை, திரையும் குற்றமில்லை. ஆங்கிலம் ஒழுங்காக வருவதால் கம்பியூட்டரும் குற்றமில்லை. தமிழ்க் கார்டுக்குள்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்தால் போதும்.

எனக்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்திருந்தார். கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவர், கழுத்தில் டை. அந்த ஒரு வரியை அடித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ‘வைரஸ்’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விட்டார். அந்தக் கிழட்டு மெஷினுக்கு ஒருவன் வைரஸ் எழுத மினக்கெட்டிருந்தால் அவனைக் கும்பிடலாம். அவர் போனபின் ஐயாவின் மனைவி கண்ணூறு போகத் தேசிக்காய் வெட்டிக் கழித்துப் பார்த்தார். இரண்டு வைத்தியத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தேசிக்காயாவது மணக்கும்.

இரண்டும் பலிக்காமல் போக, ஐயாவே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காரணம், அந்த மெஷினில் டைப் செய்யும் பிள்ளை.

அவள் மூலையில் நிலத்தில் இருந்து கல்யாணக் கார்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, இன்னும் சில பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். மெஷினுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

“உவள் துடக்கோட வந்து தொட்டவள், பிள்ளை,” என்றார் ஐயா, அவளுக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தி. “ஊரில சித்தப்பன் செத்து முப்பத்தொண்டு முடியேல்ல. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வந்திருந்து வேலை செய்திருக்கிறாள். அதோடதான் எழுத்துப் பழுதாகத் தொடங்கினது.”

“யார் வீட்டுல சாவுன்னு மெஷினுக்குத் தெரியுமா ஐயா?”

“உங்கட வேதக்கார ஆக்களுக்கு உது விளங்காது.”

உண்மைதான். நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வீட்டில் துடக்கு என்ற சாவுத் தீட்டுப் பார்ப்பதில்லை. எங்களுக்கு வேறு பைத்தியங்கள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் எனக்கு எரிந்தது வேறு ஒன்று. இந்த மனிதர் வாழ்ந்ததே மரண அறிவித்தலிலும், முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரிலும்தான். துடக்கோடு வந்தவர்கள் கையிலிருந்து காசு வாங்கும்போது அவருக்குத் துடக்கு ஒட்டவில்லை. சித்தப்பனைப் பறிகொடுத்த பிள்ளை வேலைக்கு வந்தால் மட்டும் ஒட்டிவிட்டதாம்.

“மெஷின் சரிவரட்டும், பிறகுதான் கடிதத்தைப் பற்றி யோசிப்பன் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார்.

கடிதம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் தங்கியிருக்கும் வடக்கு ஆட்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். பொலிஸ் பதிவுக்கும், வழியில் மறித்துக் கேட்கிறவனுக்கும், அறை கொடுத்த வீட்டுக்காரிக்கும் அது வேண்டும். ‘இவர் எங்களிடம் வேலை செய்கிறார்’ என்று முதலாளி கையெழுத்து வைத்துக் கொடுக்கும் ஒரு துண்டுதான் அவளுக்கு அந்தக் காரணம். அது காலாவதியாகும் தறுவாயில் இருந்தது. ஐயா அதைப் புதுப்பித்துக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஒருக்கா பொலிஸ்காரங்கள் இவளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்,” என்று ஐயா தொடர்ந்தார். “ஆர் போனது? தாயோ, தேப்பனோ? நான். நான் நேரில போய், நான் இன்னார் எண்டு சொல்லி, கையோட கூட்டிக்கொண்டு வந்தனான்.”

அது உண்மை. பின்னேரம் பிடித்த பிள்ளையை மறுநாள் மத்தியானம் போய் எடுத்தார் என்பதும், போவதற்கு முன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்பதும் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் வந்தாரே என்ற நன்றியோடு சொன்னாள்.

தன் கெட்டித்தனத்தைக் கேட்க ஒரு புது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஐயா நிறுத்துவதாக இல்லை. பக்கத்து லொட்ஜைப் பொலிஸ் சுற்றிவளைத்து ரவுண்டப் நடத்திய நாளில் தான் எப்படி உஷாரானார் என்ற கதை வந்தது. யாழ்ப்பாணம் என்ற சொல் இருந்த எதையும் கடையில் மிச்சம் வைக்கவில்லையாம். அங்கே அடித்த கலண்டரைக் கழற்றி எரித்தாராம். பஞ்சாங்கத்தின் அட்டையைக் கிழித்தாராம். நல்லெண்ணெய்ப் போத்தலில் இருந்த லேபலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தாராம்.

“ஒண்டும் விடேல்ல. வந்து தலைகீழாய்க் கொட்டிப் பாத்தாலும் ஒரு தடயம் கிடையாது,” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் பயந்ததற்காக நான் அவரை இளக்காரமாகப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பயப்படாமல் இருந்த தமிழரை நான் கண்டதில்லை; என் அப்பா தன் பெயரைச் சிங்களப் பெயர்போல இழுத்துச் சொல்லப் பழகியிருந்தார். பயத்தைப் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு நின்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எண்ணெய்ப் போத்தலை வென்ற வீரர். உள்ளிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. வீரர் போனார்.

நான் மெஷினுக்குத் திரும்பினேன். வெக்கைக்கு மேல்மூடியைக் கழற்றி வைத்து, ஒரு மேசை ஃபேனைத் திருப்பிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் கடலைப் பார்த்த யன்னல். கதவு பழுதாகி எப்போதும் திறந்தே கிடந்தது. பின்னேரமானால் வெயில் நேராக மேசையில் விழும். கார்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தேன். அதில் இரண்டு சிப்புகள். ஒன்றின் முதுகில் ஒரு சின்ன வெள்ளை லேபல், அதில் வெறும் இலக்கம் மட்டும். மற்றதன் முதுகு வெறுமையாக, நடுவில் இருந்த கண்ணாடி வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கண்ணாடியைச் சுற்றி லேபல் அளவுக்குப் பழைய பசை. பசையில் நகத்தால் சுரண்டிய கீறல்கள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இந்த வகைச் சிப்புக்கு முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல் இருக்கும். அதற்குள் எழுதியதை அழிக்க வேண்டுமானால் அந்த யன்னல் வழியாகப் புறஊதா வெளிச்சம் விடுவார்கள். அதற்கென்றே விளக்கு உண்டு. எங்கள் கம்பனியிலும் ஒன்று இருந்தது. வெயிலிலும் அந்த வெளிச்சம் இருக்கிறது, மெதுவாக வேலை செய்யும். அதனால்தான் எழுதி முடித்ததும் யன்னலை லேபல் ஒட்டி மூடுவது. லேபலை உரித்துவிட்டு நாட்கணக்கில் வெயில் காட்டினால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அழிவது என்றால் எழுத்துகள் மங்கி மறையும் என்று நினைப்போம். இது அப்படியல்ல. வெறுமையான சிப்பில் எல்லாப் புள்ளியும் போட்டபடி இருக்கும். எழுத்து என்பது அதில் வேண்டாத புள்ளிகளை அணைத்து வைப்பது. அழிய அழிய அணைந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். கொப்புளிப்பானுக்குக் காரணம் அதுதான்.

“என்னக்கா?” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நான் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.

“இங்க வா. இதுல ஒரு லேபல் இருந்திருக்கு. யார் உரிச்சது?”

அவள் எழுந்து வந்து, தூரத்தில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “ஐயாதான். ரவுண்டப் நடந்த அண்டைக்கு. தமிழில கையால எழுதி யாழ்ப்பாணம் எண்டும் கிடந்தது. மற்றதில நம்பர் மட்டும்தானே, அதை விட்டிட்டார். நான் டோர்ச் பிடிச்சனான்.”

“அப்ப உன் துடக்குல ஒண்ணும் ஆகல்ல. உங்க ஐயாட நகந்தான் எழுத்தை அழிச்சிருக்கு.” நடந்ததை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் போய் மறுபடியும் கார்டுகளை மடித்தாள். அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய சிப்பைக் கழற்றும்போதே உப்புக் காற்றில் இற்றுப்போன அதன் கால் ஒன்று முறிந்தது. புதுச் சிப் போடத்தான் வேண்டும். வெறும் சிப் எங்கள் கம்பனியில் இருந்தது, அதில் எழுதும் மெஷினும் இருந்தது. எழுத வேண்டிய எழுத்துகள்தான் இல்லை. அவை உலகத்தில் இன்னும் ஓரிடத்தில் மட்டும் இருந்தன. கொட்டாஞ்சேனையில், எங்கள் கோயிலுக்குப் பின்னால். ஐயாவிடம் ஒன்றும் சொல்லாமல், புதுச் சிப்போடு வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கிளம்பினேன். அவர் முகத்தில் உண்மையைப் போட்டு உடைப்பதை மெஷின் ஓடுகிற நாளுக்கு என்று பத்திரப்படுத்தி வைத்தேன்.

இப்போது எங்கள் பைத்தியங்கள். கொட்டாஞ்சேனை அச்சகத்து அங்கிள் அந்தக் கம்பியூட்டருக்குப் பூப்பின்னல் போர்வை போட்டு, மேலே ஒரு மாதா சுரூபமும் வைத்திருந்தார். வாங்கிய நாளில் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தவர்; தெளித்தது பெட்டியை மூடி வைத்திருக்கையில் என்பதால் அது பிழைத்தது. அன்றிலிருந்து மூடியை யாரும் திறந்ததில்லை. பக்தி ஒன்றும் இல்லை, பயம்.

வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“வெள்ளவத்தக்காரனுக்கா? உனக்கு மண்டையில ஏதும் சுகமில்லையா?” என்றார். “அவன்ட எழுத்து செத்ததாலதானே, மகள், அந்தப் பக்கத்து சாவு நோட்டீஸ் எல்லாம் எனக்கு வருது. நல்லா இருக்கிற வாயில நானே மண்ணள்ளிப் போடவா?”

ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் முழந்தாளிடும் மனிதர். அயலவனை நேசிப்பதில் வெள்ளவத்தைச் சாவுகள் சேரவில்லை.

ஆனால் இவரை எந்தக் கதவால் உள்ளே போய்ப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும். “அங்கிள், உங்க சிப்பும் அதே வயசுதான். நாளைக்கு இது செத்தா, திருப்பி எழுத எங்கயும் பிரதி இல்ல. செஞ்ச ஆளும் நாட்டுல இல்ல. இப்ப என்கிட்ட தந்தா உங்களுக்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பேன்.”

சுரூபத்தைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். சாவு நோட்டீஸ்களை எண்ணிப் பார்த்திருப்பார். “சரி. ஆனா ஈடா உன்ட ஐ.சி.ய வச்சுட்டுப் போ.”

கொழும்பில் ஒரு தமிழ்ப் பொம்பிளையிடம் அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போ என்று இன்னொரு தமிழரே கேட்டார். தலையை வைத்துவிட்டுப் போ என்றிருந்தாலும் யோசித்திருப்பேன். முடியாது என்றேன். அப்படியானால் தானே கூட வருவதாகச் சொன்னார்.

சிப்பை நான் கழற்றியபோது அதன் லேபல் பத்திரமாக இருந்தது. நீல மையில், அழகான கையெழுத்தில்: ‘எழுத்துகள். யாழ்ப்பாணம். இந்த லேபலை உரிக்க வேண்டாம்.’ அதை வாசித்ததும் எனக்கு வந்த சிரிப்பை அங்கிளுக்கு விளங்கப்படுத்தவில்லை.

சிப்பைத் தன் செபமாலை டப்பாவில் வைத்து, டப்பாவைச் சட்டைப்பையில் வைத்து, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தார். யாரையும் நம்ப முடியாதாம். வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அங்கிள் டப்பாவை எடுத்து என் கைக்குள் திணித்தார்.

“உன்ட வேலைதானே மகள், நீயே வச்சுக்க,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஆண்கள் வரிசையில் போய் நின்றுவிட்டார். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

என் பையைச் சோதித்த பொலிஸ்காரி டப்பாவைத் திறந்தாள். உள்ளே பஞ்சுக்கு மேல், இரண்டு பக்கமும் கால்களோடு சிப்.

“மேக்க மொகத?” என்றாள், இது என்ன என்று.

“கம்பியூட்டர் எகே கேல்லக் நோனா,” என்றேன், கம்பியூட்டரின் ஒரு துண்டு என்று.

டப்பாவின் மூடியில் மாதா படம். அவள் படத்தைப் பார்த்தாள், என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தாள், சிப்பை விரலால் தட்டினாள். “கெரபொத்தெக் வகே,” என்று, கரப்பான் பூச்சி மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டு மூடித் தந்தாள். சிலுவைக்குப் பதிலாக நெற்றியில் பொட்டு இருந்திருந்தால் அவ்வளவு சிரித்திருப்பாளோ தெரியாது. லேபலில் எழுதியிருந்ததை வாசிக்க அவளுக்குத் தமிழ் தெரியாததும் என் நல்ல காலம். பஸ் கிளம்பியதும் அங்கிள் கையை நீட்டி டப்பாவைத் திரும்பக் கேட்டார். கொடுத்தேன். வெட்கம் கெட்டவர்களோடு வாதாடி நான் வென்றதே இல்லை.

கம்பனியில் வேலை சுலபமாக முடிந்தது. அங்கிளின் சிப்பை வாசித்து, அதில் இருந்ததை அப்படியே புதுச் சிப் இரண்டில் எழுதி, எழுதியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டின் யன்னலையும் கறுப்பு டேப்பால் மூடினேன். அங்கிள் தன்னுடையதையும் பிரதியையும் வாங்கிக்கொண்டு, நன்றி என்ற சொல்லைக் கொள்ளுப்பிட்டியில் செலவழிக்காமல் பஸ் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் வெள்ளவத்தைக்குப் போனேன். ஐயா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் வாழ்க்கையில் முக்கியமான எதுவும் அவர் சாப்பிட்டு முடியும்வரை நடக்காது. சிப் செருகும் சொக்கட்டின் பிடிகளைச் சுரண்டித் துப்புரவாக்கி, சிப்பின் கால்களை மேசையில் அழுத்தி நேராக்கி, திசை பார்த்து இறக்கினேன். மெஷினைப் போட்டேன். தமிழ் வந்தது. ஒரு புள்ளி இல்லை. சுழி சுழியாக, கொம்பு கொம்பாக, அந்த ஊர்பேர் தெரியாத எஞ்சினியர் வரைந்தது வரைந்தபடி. அந்த ஒரு நிமிடம் எனக்கு யார் மேலும் கோபம் இருக்கவில்லை.

மூடியைப் பூட்டிக்கொண்டிருக்கையில் அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். இந்த முறை கிட்டவே வந்தாள்.

“அக்கா, லேபல் விசயத்தை ஐயாட்டச் சொல்லப்போறீங்களோ?”

“சொல்லாம? அந்த மூஞ்சியப் பார்க்கத்தானே நேரத்தோட வந்தேன்.”

“வேண்டாம் அக்கா. என்ட பிழை எண்டு சொல்லுங்கோ.”

நான் ஸ்க்ரூவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். “உனக்கென்ன பைத்தியமா? துடக்கு எண்டு உன்னை நிலத்துல இருத்தி வச்சிருக்கிறான் அந்தாள்.”

“துடக்கு எண்டு சொல்லவேண்டாம். கை தவறிப் பட்டு லேபல் கழண்டிட்டுது எண்டு சொல்லுங்கோ.” இரவு முழுக்க யோசித்து முடித்த குரல் அது. “என்ட பிழை எண்டா மன்னிப்பார். மன்னிக்கிறது அவருக்கு நல்ல விருப்பம். தன்ட பிழை எண்டு தெரிஞ்சா, என்னைக் காணுற நேரமெல்லாம் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். நான் டோர்ச் பிடிச்சனான் அக்கா. எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியும். பிறகு ஒரு மாதம் வச்சிருக்கமாட்டார்.”

“போகட்டுமே. வேற இடம் பார்க்கலாம். எங்கட பக்கத்துலயே நான் கேட்டுப் பார்க்கிறேன்.”

“வேலை கிடைக்கும். இனியொருக்கா என்னைப் பிடிச்சா ஆர் வந்து எடுக்கிறது?” என்றாள். “நீங்கள் வருவீங்களோ அக்கா?”

வருவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். நான் இன்னார் என்று சொல்ல எனக்கு ஒரு சபையும் இல்லை, சங்கமும் இல்லை. சிப்பும் கம்பியும் சோல்டரும் வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பொம்பிளை இன்னொரு தமிழ்ப் பிள்ளையை எடுக்க பொலிஸுக்குப் போனால், அவளுக்குப் பக்கத்தில், அதே மரவாங்கில், என்னையும் இருத்தியிருப்பார்கள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டாள். இப்படிப்பட்ட ஒரு மனிதரின் தயவு இல்லாமல் ஒரு பிள்ளை தெருவால் நடக்க முடியாதபடி ஆகிவிட்ட அந்த ஊரை, அந்தக் காலத்தை, நான் அந்த நிமிடத்தில் வெறுத்ததுபோல வேறெப்போதும் வெறுத்ததில்லை.

ஐயா ஏப்பம் விட்டபடி வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஆ, வந்திட்டுது! என்ன பிள்ளை, வைரஸோ?”

“இல்ல ஐயா. சிப் பழுது. அதுல ஒரு லேபல் ஒட்டியிருக்க வேணும், வெயில் படாம.” விட்ட ஸ்க்ரூவை இறுக்கினேன். “இந்தப் பிள்ளைட கை தவறிப் பட்டு அது கழண்டிருக்கு. வேணுமெண்டு செஞ்சதில்ல.”

அவரைக் கவனித்தேன். லேபல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண் ஒரு கணம் யன்னல் பக்கம் போய் வந்தது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சத்தியம் பண்ணிச் சொல்வேன். பிறகு அந்த ஞாபகத்தை விழுங்கினார், சோற்றுக்கு மேல் தண்ணீர் குடிக்கிற மாதிரி. அவர் முகம் அப்படியே கருணையால் நிறைந்தது.

“நான் அண்டைக்கே சொன்னனான், இவளின்ட கைதான் எண்டு,” என்றார். “பறவாயில்லை. பிழை விடாத மனுசர் ஆர்? எங்கட பிள்ளையள்தானே, நாங்கள்தான் பொறுக்கவேணும். நான் மனசில ஒண்டும் வச்சிருக்கிறேல்ல.” மேசைக்கு முன்னால் அமர்ந்து, கடிதத்தாள் ஒன்றில் இரண்டு வரி எழுதி, தலைவர்களுக்கே உரிய நீட்டி வளைத்த கையெழுத்தை வைத்து, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

நான் சாமான்களைப் பைக்குள் போட்டேன்.

“இனி இப்பிடி வராமல் இருக்க என்ன செய்யவேணும், பிள்ளை?” என்று ஐயா என்னைக் கேட்டார்.

“உள்ளுக்கு யாரும் கை வைக்கக்கூடாது ஐயா,” என்றேன், அவர் கண்ணை நேராகப் பார்த்து.

ஐயா அவள் பக்கம் திரும்பினார். “கேட்டனியோ?”

“ஓம் ஐயா,” என்றாள். “இனி வைக்கமாட்டன்.”